கையால் ஓட்டினால் பச்சை, நாகியோஸில் சிவப்பு: எங்கே தேடுவது?

கேள்வி கேட்ட தம்பி யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒரு தனியார் அலுவலகத்தில் சேர்வர்களைப் பொறுப்பெடுத்து ஆறு மாதம் ஆகிறது. அலுவலகத்து லினக்ஸ் பெட்டி ஒன்றில் சேர்வர்களைக் கண்காணிக்கும் நாகியோஸ் என்ற மென்பொருள் ஓடுகிறது. கொழும்பில் இருக்கும் நான்கு லினக்ஸ் சேர்வர்கள், கிளிநொச்சிக் கிளையில் ஒன்று, இன்னும் நிறுத்த முடியாத ஒரு பழைய சொலாரிஸ் 10 இயந்திரம், எல்லாவற்றையும் அது, தூரத்துச் சேர்வரில் சோதனைகளை ஓட்டித் தரும் என்ஆர்பிஈ வழியாகப் பார்த்துக்கொள்கிறது. அவர் எழுதியதன் சாரம் இது: "சேர்வருக்குள் போய் பிளகினை (சோதனையைச் செய்யும் சிறு நிரலை) கையால் ஓட்டினால் ஓகே என்று வருகிறது அண்ணா. நாகியோஸில் மட்டும் சிவப்பும் செம்மஞ்சளும். ஒரு கிழமையாக கொன்ஃபிக்கை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். எதை மாற்றினேன் என்பதே இப்போது நினைவில்லை."

தம்பி, முதல் வேலையாக மாற்றுவதை நிறுத்துங்கள். பழைய கொன்ஃபிக்கின் பிரதி பக்கப்பில் இருந்தால் அதை மீளப் போடுங்கள். இல்லாவிட்டால் இன்றைக்கு இருக்கும் நிலையையே கிட்டில் (பைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போட்டு வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பிழை எந்த இடத்தில் என்று தெரியாமல் கை வைத்தால், ஒரு பிழை இருந்த இடத்தில் மூன்று பிழைகள் வந்து சேரும். பிறகு உண்மையான காரணத்தைத் திருத்தினாலும் சிவப்பு போகாது, திருத்தியது சரிதானா என்பதும் தெரியாமல் போய்விடும்.

ஒரு சோதனை போய்வரும் பாதையை வடிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாகியோஸ் தன் பெட்டியிலேயே செக்_என்ஆர்பிஈ என்ற பிளகினை ஓட்டுகிறது. அது தூரத்துச் சேர்வரின் 5666ஆம் போர்ட்டுக்கு டிசிபி இணைப்பு எடுக்கிறது. அங்கே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலான என்ஆர்பிஈ டீமன், வந்த ஐபி முகவரி தனக்கு அனுமதியானதா என்று பார்க்கிறது. பிறகு எஸ்எஸ்எல் கைகுலுக்கல், அதாவது மறைகுறியாக்கிப் பேச இரண்டு பக்கமும் உடன்படுவது. அதன் பின் ஒரு கட்டளைப் பெயர் மட்டும் போகிறது. டீமன் அந்தப் பெயரைத் தன் கொன்ஃபிக்கில் தேடி, அதற்கு நேரே எழுதியிருக்கும் வரியை ஒரு சாதாரணப் பயனராக ஓட்டுகிறது. வெளியீட்டையும் முடிவு எண்ணையும் வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. 0 என்றால் ஓகே, 1 எச்சரிக்கை, 2 அபாயம், 3 தெரியவில்லை.

நீங்கள் எஸ்எஸ்எச்சில் போய் றூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள பயனராக) பிளகினை ஓட்டியபோது இந்தப் பாதையின் கடைசி அடியை மட்டும், அதுவும் வேறொரு ஆளாக, நடந்து பார்த்திருக்கிறீர்கள். முந்திய அடிகள் ஒன்றையும் தொடவில்லை. கையால் செய்தால் வேலை செய்கிறதே என்ற குழப்பம் முழுக்க இங்கிருந்துதான் வருகிறது. நாகியோஸ் காட்டும் ஒவ்வொரு பிழைச் செய்தியும் பாதையில் எந்த இடத்தில் நின்றது என்பதைச் சொல்கிறது. அந்தச் செய்தியை முழுதாக வாசியுங்கள். சிவப்பு நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது.

பாதையை இரண்டாகப் பிரிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. யாழ்ப்பாணப் பெட்டியில், நாகியோஸ் ஓடும் அதே பயனராக, செக்_என்ஆர்பிஈக்கு ஹைபன் பெரிய எச் கொடுத்து சேர்வரின் முகவரியை மட்டும் போடுங்கள். கட்டளைப் பெயர் எதுவும் வேண்டாம். டீமன் தன் பதிப்பு எண்ணைத் திருப்பிச் சொன்னால் இணைப்பு, அனுமதி, கைகுலுக்கல் மூன்றும் சரி. பிழை சேர்வருக்குள் இருக்கிறது. பதிப்பு எண் வராவிட்டால் பிளகினைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பிழை வழியில்.

வழியில் வருகிற பிழைகளில் எளியது கனெக்ஷன் ரிஃப்யூஸ்ட். பெரும்பாலும் டீமன் ஓடவில்லை, அல்லது வெளியில் இருந்து எட்ட முடியாத 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காத்திருக்கிறது. சேர்வரில் எஸ்எஸ் கட்டளையால் 5666இல் எது, எந்த முகவரியில் கேட்கிறது என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சில ஃபயர்வோல்களும் இப்படி மறுப்புச் செய்தி அனுப்பும்.

சொக்கெட் டைம்அவுட் ஆஃப்டர் 10 செக்கண்ட்ஸ் என்று வந்தால் இரண்டு காரணங்கள் ஒரே உடுப்பில் வந்து நிற்கின்றன. ஒன்று, ஃபயர்வோல் வரும் தரவுப் பொதியைச் சத்தமில்லாமல் விழுத்துகிறது. மற்றது, இணைப்பு எல்லாம் சரி, பிளகின்தான் 10 விநாடிக்குள் முடியவில்லை. பதிப்பு எண் சோதனை இந்த இரண்டையும் பிரித்துவிடும். வழிதான் பிழை என்றால் ஊகிக்க வேண்டாம், தூரத்துச் சேர்வரில், போய்வரும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை 5666 போர்ட்டில் வைத்துவிட்டு யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு தடவை சோதனையை ஓட்டுங்கள். சின் பொதி, அதாவது இணைப்புக் கேட்கும் முதல் பொதி, வந்து சேரவே இல்லையா? இடையில் உள்ள றவுட்டரோ தரவு மையத்தின் ஃபயர்வோலோ தடுக்கிறது. சின் வருகிறது, பதில் போகவில்லையா? சேர்வரின் சொந்த ஃபயர்வோல். சின்னுக்கு உடனே ரீசெட் போகிறதா? அந்தப் போர்ட்டில் ஒருவரும் கேட்கவில்லை. மூன்று பொதிகளும் ஒழுங்காகப் பரிமாறி இணைப்பு அமைந்தவுடன் சேர்வர் பக்கமிருந்து இணைப்பு மூடப்படுகிறதா? அது அனுமதிப் பட்டியல். என் அனுபவத்தில் இந்த ஒரு கருவி மிச்சப்படுத்தும் நேரத்தை வேறு எதுவும் மிச்சப்படுத்தியதில்லை. இதைக் கற்றுக்கொள்ள ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள்.

அந்தக் கடைசி வகையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்வியில், கொழும்புச் சேர்வர்கள் நான்கும் ஒரே இரவில் சிவப்பாகின, செய்தி "குட் நொட் கம்ப்ளீட் எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக்" என்று எழுதியிருந்தீர்கள். நான்கு சேர்வர்களில் ஒரே நேரத்தில் எஸ்எஸ்எல் கெட்டுப்போகாது. நான்குக்கும் பொதுவானது உங்கள் பக்கம்தான். இந்தச் செய்தியைக் கண்டதும் எல்லாரும் சான்றிதழையும் ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் தோண்டத் தொடங்குவார்கள். ஆனால் பழைய 2ஆம் பதிப்பு என்ஆர்பிஈயில் அனுமதியில்லாத முகவரியில் இருந்து இணைப்பு வந்தால், டீமன் கைகுலுக்கலைத் தொடங்காமலே இணைப்பை மூடிவிடும். இந்தப் பக்கம் இருக்கும் பிளகினுக்குக் கைகுலுக்கல் முடியவில்லை என்பது மட்டுமே தெரியும், அதையே சொல்லும். உண்மையான காரணம் தூரத்துச் சேர்வரின் சிஸ்லொக்கில் (இயந்திரத்தின் பொது நிகழ்வுப் பதிவில்) இருக்கும்: இந்த ஹோஸ்ட்டுக்கு எங்களோடு கதைக்க அனுமதியில்லை என்று ஐபி முகவரியோடு ஒரு வரி. புதிய பதிப்புகளில் இதே நிலைமை பெரும்பாலும் கனெக்ஷன் ரீசெட் பை பியர் என்று வரும்.

நானும் ஒரு முறை இதே செய்தியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். முதல் நாள் இரவு மழை, இடி, கரண்ட் போய்ப் போய் வந்தது. அலுவலக றவுட்டர் அணைந்து எழும்பியபோது இணைய நிறுவனம் வேறொரு ஐபி முகவரியைக் கொடுத்துவிட்டது. கொழும்புச் சேர்வர்களின் என்ஆர்பிஈ கொன்ஃபிக்கில், அனுமதியான முகவரிகளைச் சொல்லும் அலவ்ட்_ஹோஸ்ட்ஸ் வரியில் இருந்ததோ பழைய முகவரி. அவ்வளவுதான் விஷயம். யாழ்ப்பாணத்தில் சின்ன அலுவலகங்கள் பல வீட்டுக்கு எடுப்பது போன்ற இணைப்பில்தான் ஓடுகின்றன, நிலையான ஐபிக்குத் தனியாகக் கட்டணம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வரும். ஆகவே முதலில் உங்கள் வெளி ஐபி இப்போது எது என்று பாருங்கள். பிறகு சேர்வரின் லொக்கில் எந்த முகவரி மறுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, அலவ்ட்_ஹோஸ்ட்ஸில் இருப்பது வேறாக இருந்தால் தேடல் முடிந்தது.

அதற்காக அந்த வரியில் இணைய நிறுவனத்தின் முழு முகவரி வீச்சையும் போட்டுவிடாதீர்கள். அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர் எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும். சரியான தீர்வு வயர்கார்ட் போன்ற ஒரு விபிஎன், அதாவது பொது இணையத்துக்குள் போடும் ஒரு தனிச் சுரங்கம். உங்கள் வெளி முகவரி எத்தனை தடவை மாறினாலும் சுரங்கத்துக்குள் இருக்கும் முகவரி மாறாது, 5666 போர்ட் பொது இணையத்துக்குத் தெரியவும் தேவையில்லை.

இதிலேயே இன்னும் இரண்டு பொறிகள். டீமன் எக்ஸ்இனெட்டின் (இணைப்பு வரும்போது மட்டும் சேவைகளைத் தொடக்கிவிடும் நிரல்) கீழ் ஓடினால் அலவ்ட்_ஹோஸ்ட்ஸ் வரியை அது பார்க்கவே பார்க்காது; எக்ஸ்இனெட் பைலில் உள்ள ஒன்லி_ஃப்ரொம் வரியைத்தான் மாற்ற வேண்டும். உங்கள் கிளிநொச்சிச் சேர்வர் பழைய ரெட் ஹட் வகை என்றால் அங்கே இதைப் பாருங்கள். மற்றது ஐபிவி6. சேர்வரின் பெயருக்கு டிஎன்எஸ்ஸில் இரண்டு வகை முகவரியும் இருந்தால் செக்_என்ஆர்பிஈ ஐபிவி6இல் போகக்கூடும், பட்டியலில் இருப்பதோ ஐபிவி4 மட்டும்.

விபிஎன் போட்ட பிறகு ஒரு புதுவகைப் பிழை தலைகாட்டலாம்: சின்னச் சோதனைகள் எல்லாம் பச்சை, நீண்ட வெளியீடு தருகிற ஒன்றிரண்டு மட்டும் தொங்கி நிற்கும். எஸ்எஸ்எச் கூட விசைப் பரிமாற்றத்தின் நடுவில் உறைந்து போகும். இது பொதியின் அளவுப் பிரச்சினை. ஈதர்நெட்டில் ஒரு பொதி 1500 பைட், பிபிபிஓஈ இணைப்பில் 1492, வயர்கார்ட் வழக்கமாக எடுத்துக்கொள்வது 1420. பெரிய பொதி வழியில் தடைபட்டு, அதைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்தியையும் ஏதாவது ஒரு ஃபயர்வோல் மறித்தால் இரண்டு பக்கமும் காத்துக்கொண்டே இருக்கும். துண்டாக்க அனுமதிக்காத பிங்கை 1472 பைட்டில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வாருங்கள். எங்கே பதில் வரத் தொடங்குகிறதோ அதோடு 28ஐக் கூட்டினால் உங்கள் வழியின் உண்மையான அளவு. அதற்கேற்ப எம்டியூவை, அதாவது பொதியின் உச்ச அளவை, குறைத்துவிட்டால் சரி.

சொலாரிஸ் இயந்திரத்தின் கைகுலுக்கல் பிழை மட்டும் வேறு கதை. அதில் இருப்பது 2ஆம் பதிப்பு என்ஆர்பிஈ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிப்பு சான்றிதழ் இல்லாத டிஃபி ஹெல்மன் முறையை வெறும் 512 பிட் சாவியோடு பயன்படுத்தியது. இன்றைய ஓப்பன்எஸ்எஸ்எல் அதைப் பலவீனமானது என்று மறுத்துவிடும், மறுப்பதும் நியாயம்தான். புதிய டீமனை அங்கே கொம்பைல் செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் இரண்டு பக்கமும் ஹைபன் என் தெரிவைப் போட்டு எஸ்எஸ்எல் இல்லாமல் ஓட்டலாம், ஆனால் விபிஎன்னுக்குள் மட்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் அதே பிழைதான் வரும். நான் என்றால் அந்த ஒரு இயந்திரத்துக்கு என்ஆர்பிஈயை விட்டுவிட்டு, எஸ்எஸ்எச் வழியாகவே பிளகினை ஓட்டும் செக்_பை_எஸ்எஸ்எச்சுக்கு மாறுவேன். அப்படி மாறினால் நாகியோஸ் பயனராகவே ஒரு தடவை எஸ்எஸ்எச் செய்து ஹோஸ்ட் சாவியை ஏற்றுக்கொள்ள வேண்டும். றூட்டாக ஏற்றது நாகியோஸுக்கு உதவாது.

சரி, இனி சேர்வருக்குள் வருவோம்.

கட்டளை நொட் டிஃபைண்ட் என்று வந்தால் பெயரில் எழுத்துப் பிழை, அல்லது டீமனை மீளத் தொடக்கவில்லை, அல்லது டீமன் வாசிக்கும் பைல் ஒன்று, நீங்கள் திருத்திய பைல் வேறொன்று. சோர்ஸில் இருந்து நிறுவியதும் பக்கேஜ் வழியாக வந்ததும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கும். ஓடும் புரொசெஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையின் வெளியீட்டில் டீமன் எந்தக் கொன்ஃபிக் பைலோடு ஓடுகிறது என்று தெரியும். நாகியோஸ் பக்கமிருந்து வாதங்களை அனுப்ப நினைத்தால் டோன்ட்_பிளேம்_என்ஆர்பிஈ என்ற தெரிவு வேண்டும். டெபியன் பக்கேஜில் அந்த வசதியே கொம்பைல் செய்யும்போது நீக்கப்பட்டிருக்கிறது. 1 என்று எத்தனை தடவை போட்டாலும் பயனில்லை. அது நல்லதுக்குத்தான். எல்லைகளைச் சேர்வரின் கொன்ஃபிக்கிலேயே எழுதிவிடுங்கள்.

அனேபிள் டு ரீட் அவுட்புட். உங்கள் செம்மஞ்சள்களில் பாதி இதுதான், அதிகம் பேரைக் கஷ்டப்படுத்துவதும் இதுதான். பொருள் எளிமையானது: பிளகினை ஓட்டப் போனேன், வெளியீட்டுக் குழாயில் ஒரு எழுத்தும் வரவில்லை. பிழைச் செய்தி வந்திருக்கும், ஆனால் அது ஸ்டாண்டர்ட் எரர் வழியாகப் போயிருக்கும், டீமன் அதை வாசிப்பதில்லை. ஆகவே தற்காலிகமாக அந்தக் கட்டளை வரியின் கடைசியில் 2>&1 என்று சேர்த்து டீமனை மீளத் தொடக்குங்கள். மறைந்திருந்த செய்தி நாகியோஸ் திரையிலேயே வந்துவிடும். பிழையைக் கண்டதும் அதை எடுத்துவிடுங்கள்.

அதைவிட நல்ல பழக்கம், டீமன் ஓட்டுகிற மாதிரியே ஓட்டிப் பார்ப்பது. டெபியனில் அந்தப் பயனர் நாகியோஸ், ரெட் ஹட் வகையில் பெரும்பாலும் என்ஆர்பிஈ. சூடோவில் ஹைபன் யு கொடுத்து அந்தப் பயனராக, என்வ் ஹைபன் ஐ போட்டுச் சூழல் மாறிகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கொன்ஃபிக்கில் இருக்கும் வரியை எழுத்துக்கு எழுத்து கொப்பி பண்ணி ஓட்டுங்கள். உங்கள் ஷெல்லில் இருக்கும் பாத், ஹோம், மொழி அமைப்பு ஒன்றும் டீமனிடம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். உள்ளே முழுப் பாதை இல்லாமல் ஒரு கட்டளையைக் கூப்பிடும் ஸ்கிரிப்ட் உங்களிடம் ஓடும், அங்கே ஓடாது. இப்படி ஓட்டி அதே பிழை உங்கள் கண்முன் வந்தால் பாதி வேலை முடிந்தது.

என்ன என்ன அகப்படும்? பிளகினுக்கு ஓடும் அனுமதி இல்லாமல் இருக்கும். நீங்கள் சேர்த்துவைத்த ஸ்கிரிப்டை யாராவது விண்டோஸ் நோட்பேட்டில் திருத்தியிருப்பார்கள், வரி முடிவில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத எழுத்தால் முதல் வரியில் உள்ள இன்டர்பிரிட்டரே கண்டுபிடிக்கப்படாது. சூடோ தேவைப்படும் பிளகினாக இருந்தால் அந்தப் பயனருக்குக் கடவுச்சொல் இல்லாமல் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் முழுப் பாதையோடு அனுமதி வேண்டும். பழைய ரெட் ஹட் வகைகளில் ரிக்வயர்டிடிவை என்ற வரி சூடோவை டெர்மினல் இல்லாமல் ஓடவிடாது, அந்தப் பயனருக்கு மட்டும் அதை நீக்க வேண்டும்.

இவ்வளவும் சரி, என்வ் ஹைபன் ஐயிலும் ஓடுகிறது, நாகியோஸில் மட்டும் இல்லை என்றால் மிஞ்சுவது இரண்டு. ஒன்று எஸ்ஈலினக்ஸ், லினக்ஸின் கூடுதல் பாதுகாப்புக் காவல். உங்கள் ஷெல்லில் இருந்து ஓட்டும்போது அதற்கு ஒரு சட்டம், டீமனில் இருந்து ஓடும்போது வேறு சட்டம். ஒடிட் லொக்கில் அந்த நிமிடத்தில் மறுப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம் பெர்மிசிவ் நிலைக்கு மாற்றிச் சோதிக்கலாம், ஆனால் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

மற்றது சிஸ்டம்டி, லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நடத்துவது. இது என்னை ஒரு முழு நாள் சுற்ற வைத்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இரவு பக்கப் முடிந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் தன் முடிவை டெம்ப் அடைவில் ஒரு சின்னப் பைலில் எழுதும். பிளகின் விடிய அதை வாசித்துச் சொல்லும். கையால் ஓட்டினால் பக்கப் ஓகே. நாகியோஸ் பயனராக ஓட்டினாலும் ஓகே. என்ஆர்பிஈ வழியாக வந்தால் பைல் இல்லை. காரணம், என்ஆர்பிஈயின் சேவைப் பைலில் பிரைவேட்டெம்ப் என்ற வரி இருந்தது. அந்த வரி இருந்தால் சிஸ்டம்டி டீமனுக்கென்று தனியான, வெறுமையான டெம்ப் அடைவைக் காட்டும். பெயர் ஒன்று, இடம் வேறு. புரொடெக்ட்ஹோம் என்ற வரி இருந்தால் ஹோம் அடைவுக்கும் இதே கதி, அப்போது செக்_டிஸ்க் சொல்லும் கணக்கும் பிழைக்கும். சிஸ்டம்சிடிஎல் கேட் போட்டு சேவைப் பைலை முழுதாக வாசியுங்கள். தீர்வு அந்த வரியை நீக்குவதல்ல. பக்கப் ஸ்கிரிப்ட் எழுதும் இடத்தை வார் லிப் கீழே ஒரு அடைவுக்கு மாற்றுங்கள்.

127, 126 என்ற எண்கள் எல்லைக்கு வெளியே என்று வந்தால் பிளகின் அந்த இடத்தில் இல்லை, அல்லது ஓட அனுமதி இல்லை என்று பொருள். டெபியனில் பிளகின்கள் யூஎஸ்ஆர் லிப் கீழே, 64 பிட் ரெட் ஹட் வகையில் லிப்64 கீழே, சோர்ஸில் இருந்து நிறுவினால் யூஎஸ்ஆர் லோக்கல் கீழே. ஒரு சேர்வரின் கொன்ஃபிக்கை இன்னொன்றுக்கு அப்படியே கொப்பி பண்ணியபோது இது நடந்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் எனக்கு அதிகம் பயம். உங்கள் பச்சைகளில் எத்தனை உண்மையான பச்சை? சொந்தமாக எழுதிய ஸ்கிரிப்டின் கடைசி வரி ஒரு எக்கோ என்றால், முடிவு எண் அந்த எக்கோவின் எண், அதாவது 0. திரையில் கிரிட்டிக்கல் என்று எழுதியிருக்கும், நாகியோஸ் ஓகே என்று எடுத்துக்கொள்ளும். அது எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்ணை மட்டும் பார்க்கும். குழாய் போட்ட கட்டளைகளிலும் இதே சிக்கல், வழக்கமாகக் கடைசிக் கட்டளையின் எண்தான் வெளியே வரும். ஒவ்வொரு சோதனையையும் ஒரு தடவை வேண்டுமென்றே சிவப்பாக்கிப் பாருங்கள். டிஸ்க் எல்லையைத் தற்காலிகமாக மாற்றுங்கள், ஒரு முக்கியமில்லாத சேவையை நிறுத்துங்கள். சிவப்பாகாத சோதனை இருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது. இல்லை என்று தெரிந்தால் ஆளாவது போய்ப் பார்ப்பார்.

கால எல்லைகளுக்கு ஒரு வரிசை உண்டு. செக்_என்ஆர்பிஈ தானாக எடுத்துக்கொள்வது 10 விநாடி. டீமனின் மாதிரிக் கொன்ஃபிக்கில் கமாண்ட்_டைம்அவுட் 60 விநாடி. நாகியோஸின் சேவைச் சோதனைக்கும் 60. இப்படியே விட்டால் உள்ளே பிளகின் இன்னும் ஓடிக்கொண்டிருக்க வெளியே இருப்பவர் கைவிட்டுவிடுவார், என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பிளகினின் எல்லை சின்னதாக, டீமனின் எல்லை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, செக்_என்ஆர்பிஈயினது அதைவிடப் பெரிதாக, நாகியோஸினது எல்லாவற்றிலும் பெரிதாக இருக்கட்டும். அப்போது உள்ளே தொங்கியதன் செய்தி வெளியே வரும். செக்_என்ஆர்பிஈக்கு ஹைபன் யு கொடுத்தால் டைம்அவுட் சிவப்புக்குப் பதிலாக தெரியவில்லை என்று வரும். அதுவே உண்மையும்கூட. பதில் வரவில்லை என்பதற்காக டிஸ்க் நிரம்பிவிட்டது என்று ஆகாது.

ஆனால் எல்லையைக் கூட்டுவதை மருந்தாக எடுக்காதீர்கள். செக்_டிஸ்க் 10 விநாடி எடுக்கிறது என்றால் ஏன் என்று கேளுங்கள். கொழும்புச் சேர்வர் ஒன்றில் லோட் (ஓடும், காத்திருக்கும் புரொசெஸ்களின் சராசரி எண்ணிக்கை) 70க்கு மேல், சிபியூ சும்மா இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதை வாசித்ததும் எனக்கு எங்கள் பழைய சேர்வர் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. பக்கப் சேமிக்கும் நாஸ் பெட்டி (வலையமைப்பில் இணைத்த சேமிப்பகம்) யூபிஎஸ்ஸில் இணைக்கப்படாமல் இருந்தது. கரண்ட் போனதும் அது அணைந்துவிட்டது. சேர்வரிலோ வலையமைப்பு வழியாக வரும் அதன் என்எஃப்எஸ் அடைவு மவுண்ட் ஆகியே, அதாவது இணைந்தே, இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்த செக்_டிஸ்க் அந்த அடைவைத் தொட்டதும் உறைந்து நின்றது. இப்படி உறைந்த புரொசெஸ் பிஎஸ்ஸில் டி நிலை என்று தெரியும், பழைய கெர்னல்களில் கில் 9 கூட அதை அசைக்காது. லினக்ஸ் லோட் கணக்கில் டி நிலைப் புரொசெஸ்களும் சேரும். மணிக்கு 12, ஆறு மணித்தியாலத்தில் 72. கண்காணிக்க வைத்ததே லோட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் லோட்டுக்குக் காரணம் தேடி டேட்டாபேஸை நோண்டிக்கொண்டிருந்தோம்.

ஆகவே இன்றைக்கே பிஎஸ்ஸில் டி நிலைப் புரொசெஸ்கள் உண்டா, அவை எந்தக் கட்டளை என்று பாருங்கள். டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை ஓட்டாதீர்கள், அதுவும் தொங்கும். புரொக் மவுண்ட்ஸ் பைலை வாசித்தால் எவை மவுண்ட் ஆகியிருக்கின்றன என்பது தொங்காமல் தெரியும். பிறகு செக்_டிஸ்க்குக்கு ஹைபன் எல் கொடுத்து உள்ளூர் டிஸ்க்குகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், நாஸுக்குத் தனியாக ஒரு சோதனை எழுதுங்கள். நாஸை யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். டிஸ்க் சோதனையில் இடத்தோடு ஐநோட்டுக்கும் (ஒவ்வொரு பைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) எல்லை போடுங்கள். சின்னச் சின்ன செஷன் பைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து, இடம் பாதி இருக்கும்போதே எழுத முடியாமல் போன சேர்வர்களைப் பார்த்திருக்கிறேன்.

சொலாரிஸுக்கு மீண்டும் ஒரு நிமிடம். ஜாவா புரொசெஸ் ஓடுகிறது, செக்_புரொக்ஸ் மட்டும் பூச்சியம் என்கிறது என்றீர்கள். அங்கே வழக்கமான பிஎஸ் கட்டளை வரியின் முதல் 80 எழுத்துகளை மட்டுமே காட்டும். ஜாவாவின் நீண்ட கிளாஸ்பாத்துக்குப் பிறகு வரும் உங்கள் செயலியின் பெயர் வெட்டுப்பட்டுவிடும். யூசிபி அடைவில் உள்ள பிஎஸ்ஸுக்கு இரண்டு டபிள்யூ போட்டால் முழுதாக வரும், அதை வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். எழுதும்போது அந்த இயந்திரத்தின் பின் எஸ்எச் பழைய போர்ன் ஷெல் என்பதை நினைவில் வையுங்கள், டொலரும் அடைப்புக்குறியும் போடும் முறை அதற்குத் தெரியாது, பேக்டிக் போட வேண்டும். லினக்ஸிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு: புரொசெஸ் பெயரில் 15 எழுத்துதான் நிற்கும். அதைவிட நீண்ட பெயரை ஹைபன் பெரிய சியில் கொடுத்தால் பொருந்தாது.

அந்த இயந்திரத்தின் லொக்கையும் நாகியோஸ் லொக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அரை மணித்தியாலம் இடிக்கிறது என்றால் அதிசயப்படாதீர்கள். இலங்கை நேரம் 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்ப 5:30க்கு வந்தது, அதற்கு முன் 6:00. நேர வலயப் பைல்கள் புதுப்பிக்கப்படாத இயந்திரம் இன்னும் பழைய கணக்கிலேயே எழுதும். உள்ளே கடிகாரம் சரியாகவே இருக்கும், என்டிபி சோதனை பச்சையாகவே இருக்கும், வாசிக்கும் நமக்குத்தான் நேரம் மாறித் தெரியும். பிழை தேடும்போது எல்லா லொக்கையும் யூடிசியில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

யாழ்ப்பாண இணைப்பு அறுந்தால் கொழும்பு முழுக்கச் சிவப்பாகி உங்கள் தொலைபேசி நிறையக் குறுஞ்செய்தி வருவதையும் நிறுத்தலாம். நாகியோஸில் ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் பேரன்ட்ஸ் என்ற வரியில் இடையில் உள்ள றவுட்டரைக் குறிப்பிடுங்கள். றவுட்டர் விழுந்தால் பின்னால் உள்ளவை எட்ட முடியாதவை என்று மட்டும் குறிக்கப்படும். மக்ஸ்_செக்_அட்டெம்ப்ட்ஸ் 3 அல்லது 4 வைத்து, இடைவெளியை ஒரு நிமிடமாக்கினால் ஒரு விநாடி இணைப்பு ஆடியதற்கு நடுச்சாமத்தில் எழும்ப வேண்டியிருக்காது. அறிவித்தல்களை முழுதாக நிறுத்தி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் இன்றிரவே திரும்பப் போடுங்கள், குறைந்தது டேட்டாபேஸ் சேர்வருக்காவது.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஏதாவது மிஞ்சினால் எழுதுங்கள். எழுதும்போது நான்கு விஷயங்களை எழுத்து மாறாமல் அனுப்புங்கள்: கட்டளைப் பெயர் இல்லாத செக்_என்ஆர்பிஈயின் பதில், தூரத்துச் சேர்வரின் சிஸ்லொக்கில் அந்த நிமிடத்து வரிகள், கொன்ஃபிக்கில் அந்தக் கட்டளையின் வரி, அதே வரியை டீமனின் பயனராக வெறுஞ் சூழலில் ஓட்டியபோது வந்தது. ஐபி முகவரிகளையும் கடவுச்சொற்களையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். முதலில் கொழும்புச் சேர்வர் ஒன்றில் தொடங்குங்கள், சொலாரிஸை வார இறுதிக்கு வையுங்கள்.